வீட்டில் ஒரு துப்பாக்கி



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் ஒரு பழைய மாணவர்.

அவருடைய தந்தையார் தோட்டத்தில் காவல் வேலை பார்த்தவர். மரவள்ளியையும் வாழையையும் காட்டுப்பன்றி கிளறிப் போடாமல் இருக்க, முறைப்படி லைசென்ஸ் வாங்கி ஒரு வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தார். தோட்டம் விற்கப்பட்டது. குடும்பம் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தது. சில ஆண்டுகளில் தந்தையார் காலமானார். காரியமெல்லாம் முடிந்தபின் கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை மகன் திறந்து பார்த்தார். சாக்கில் சுற்றிய துப்பாக்கியும் ஏழு தோட்டாக்களும் இருந்தன. லைசென்ஸ் புத்தகமும் இருந்தது. ஆனால் அது காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்றிரவே எங்களைத் தேடி வந்தார். "சார், யாராவது போலீசில் சொல்லிவிட்டால் என் கதி என்ன?" என்று கேட்டார். சித்தப்பா அதை ஆற்றில் போட்டுவிடச் சொன்னாராம். தெரிந்தவர் ஒருவர் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்றாராம். தாயாரோ, இருந்த இடத்திலேயே இருக்கட்டும், வாயைத் திறக்காதே என்றாராம். இந்த மூன்று யோசனைகளில் எது சரி? ஒன்றுமே சரியில்லை. அது ஏன் என்பதைத்தான் இன்று விளக்க விரும்புகிறோம்.

நம் மக்களுக்குத் துப்பாக்கிச் சட்டத்தின் மேல் இருக்கும் அச்சம் வெறும் கற்பனை அன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அவசரகால விதிகளின்படி, அனுமதியின்றி ஆயுதம் ஏந்துவது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

அந்த விதியால் உயிரிழந்த தமிழர்களுள் பெயர் பெற்றவர் எஸ். ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949 மார்ச் மாதம் ரவாங் பகுதியில், ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார். அதைப் போலீசாரிடம் ஒப்படைக்கவே கொண்டுசென்றார் என்பது அவர் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம். நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. இந்திய அரசாங்கம் பரிந்து பேசியும் பயனில்லை. 1949 மே 4 ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியலைப் பற்றிப் பலருக்கும் பல கருத்துகள் இருக்கலாம். நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான். கையில் ஆயுதம் இருந்தது; அதை எதற்காகக் கொண்டுசென்றார் என்ற விளக்கம் அவரைக் காப்பாற்றவில்லை.

1960 இல் அவசரகாலம் முடிவுக்கு வந்தது. ஆனால் அதே ஆண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் தகுந்த காரணமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் அதன் 57 ஆம் பிரிவின்படி மரண தண்டனை. 1969 இல் நாடு முழுவதும் பாதுகாப்புப் பகுதியாயிற்று. 1977 இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்தப் பிரிவின்கீழ்த் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. பின்னர் கருணை காட்டப்பட்டு அச்சிறுவன் உயிர் தப்பினான். அந்தச் சட்டம் 2012 இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் சட்டம் போன பிறகும் அச்சம் போகவில்லை. "தோட்டா இருந்தால் தூக்கு" என்ற பேச்சு இன்னும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது.

சரி, இன்றுள்ள சட்டம் என்ன? அடிப்படையானது 1960 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். லைசென்சோ பெர்மிட்டோ இல்லாமல் எவரும் ஆயுதத்தையோ தோட்டாவையோ தம் உடைமையில், பொறுப்பில், அல்லது கட்டுப்பாட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் கட்டளை. இந்த மூன்று சொற்களையும் கவனியுங்கள். "துப்பாக்கி என்னுடையது இல்லை, என் நண்பனுடையது, பத்திரமாக வைத்திரு என்று கொடுத்தான்" என்று சொல்வதால் பயனில்லை. உடைமை நண்பனுடையதாக இருக்கலாம். பொறுப்பு உங்களுடையது ஆகிவிடுகிறது.

லைசென்சுக்கும் பெர்மிட்டுக்கும் வேறுபாடு உண்டு. ஆயுதத்துக்கு உரியவர் பெறுவது லைசென்ஸ். அவருடைய ஆயுதத்தை இன்னொருவர், எடுத்துக்காட்டாக அவரிடம் வேலை பார்ப்பவர், எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவும் பெறுவது பெர்மிட். முதலாளியிடம் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகக் காவலாளி அந்தத் துப்பாக்கியைத் தொட முடியாது. காவலாளியின் பெயரில் பெர்மிட் வேண்டும். லைசென்ஸ் வழங்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவருக்கு உரியது. விண்ணப்பித்தவருக்கெல்லாம் அது கிடைத்துவிடாது. துப்பாக்கி வைத்திருப்பது இந்த நாட்டில் பிறப்புரிமை அன்று. காரணம் காட்டிப் பெறும் அனுமதி.

ஆயுதம் என்றால் பெரிய துப்பாக்கி மட்டும்தானா? இல்லை. காற்றுத் துப்பாக்கியும் அதில் அடங்கும். துப்பாக்கியின் உறுப்பு ஒன்று தனியே இருந்தாலும் அடங்கும். "குழல் மட்டுந்தானே இருக்கிறது, சுடாதே" என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. பார்வைக்கு உண்மை போலிருக்கும் போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கும் பெற்றோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

அடுத்தது தோட்டா. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தால் தோட்டாவை விருப்பம்போல் வாங்கிக் குவிக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். எவ்வளவு தோட்டா வைத்திருக்கலாம் என்பதற்கும் அனுமதியே அளவுகோல். அரசாங்க அனுமதி பெற்ற கடையில் மட்டுமே, லைசென்சைக் காட்டி வாங்க வேண்டும். வாங்கியது பதிவாகும். பக்கத்துத் தோட்டத்து நண்பரிடம் இரண்டு தோட்டாவைக் கைமாற்றாக வாங்குவது, உப்பும் சீனியும் கைமாற்று வாங்குவது போன்றது அன்று. கொடுத்தவருக்கும் தொல்லை, வாங்கியவருக்கும் தொல்லை. துப்பாக்கியே இல்லாமல் மேசை அறையில் பழைய தோட்டா ஒன்று கிடந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது தோட்டாதான்.

இனித் தண்டனையைப் பார்ப்போம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்கு ஆயுதச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டையும் விதிக்கிறது. இதைவிடக் கடுமையானது 1971 ஆம் ஆண்டின் சுடுகலன் தண்டனை உயர்வுச் சட்டம். சட்ட விரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. கொள்ளை, ஆள்கடத்தல் போன்ற குற்றங்களின்போது உயிருக்கோ உடலுக்கோ கேடு செய்யும் எண்ணத்தோடு சுட்டவர்களுக்கு அச்சட்டத்தில் கட்டாய மரண தண்டனை இருந்தது. 2023 ஜூலை முதல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. இப்போது நீதிபதி மரண தண்டனையோ, 30 முதல் 40 ஆண்டு வரையிலான சிறையும் பிரம்படியுமோ விதிக்கலாம். ஆகவே, தோட்டா இருந்தால் தூக்கு என்ற பேச்சு இன்று பொருந்தாது. அதனால் பொருட்படுத்தத் தேவையில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். ஒரு குடும்பத் தலைவர் ஏழாண்டு சிறையிலிருந்தால் அந்தக் குடும்பம் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

முறையாக லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் அறியாமல் தவறு செய்வதுண்டு. லைசென்சைக் காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். துப்பாக்கி காணாமற்போனால் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நாள் கடத்தாமல் போலீசில் தெரிவிக்க வேண்டும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தாலும் விலங்கைச் சுடுவதற்கு அது போதாது. 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்கு இலாகாவின் அனுமதி வேறாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. லைசென்ஸ் ஆளுக்குக் கொடுக்கப்படுவது. வீடும் நிலமும் போல அது தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்காது.

இப்போது நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். யாராவது சொல்லிவிட்டால்? மொட்டைக் கடிதத்துக்கும் அக்கம்பக்கத்துப் பேச்சுக்கும் அஞ்சாதவர் யார்? புகார் வந்தால் போலீசார் விசாரிப்பார்கள். அது அவர்கள் கடமை. லைசென்சும் தோட்டாக் கணக்கும் சரியாக இருப்பவர் அவற்றை எடுத்துக் காட்டினால் போதும். பகை காரணமாகப் பொய்ப் புகார் கொடுப்பவரும் தப்பிவிட முடியாது. அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் தருவது குற்றவியல் சட்டத்தின் 182 ஆம் பிரிவின்படி குற்றம். கைது செய்யப்பட்டவருக்கும் உரிமைகள் உண்டு. கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை கூட்டரசு அரசியலமைப்பின் 5 ஆம் விதி தரும் பாதுகாப்பு. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் 2011 இல் அமைக்கப்பட்ட தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தை நாடலாம்.

மாணவரிடம் நாங்கள் சொன்னது இதுதான். ஆற்றில் போடாதீர்கள், போட்டது என்றைக்காவது ஒரு பிள்ளையின் கையில் கிடைக்கும். விற்காதீர்கள், யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்று உங்களுக்குத் தெரியாது. மறைத்தும் வைக்காதீர்கள்; இதுவரை அது உங்கள் தந்தையின் பொருள், தெரிந்தபின் மறைத்தால் உங்கள் பொருள். துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி நிலையத்துக்குப் போகவும் வேண்டாம். வழியில் சோதனை நடந்தால், ஒப்படைக்கப் போகிறேன் என்ற சொல்லை யார் நம்புவார்? கணபதியின் கதை அதைத்தானே காட்டுகிறது? ஆயுதத்தை இருந்த இடத்திலேயே, பிள்ளைகள் கைபடாமல் பூட்டி வையுங்கள். ஒரு வழக்கறிஞரிடம் யோசனை கேட்டுக்கொண்டு, பழைய லைசென்ஸ் புத்தகத்தையும் தந்தையின் இறப்புப் பத்திரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு உடனே நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

அப்படியே செய்தார். பிரிக்பீல்ட்சில் இருக்கும் அவருடைய அக்காள் கணவரும் துணைக்குப் போனார். ஒரு பகல் முழுவதும் நிலையத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். மாலையில் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து துப்பாக்கியையும் ஏழு தோட்டாக்களையும் எண்ணி எடுத்துச் சென்றார்கள். பிறகு மேலும் இருமுறை அழைத்து விசாரித்தார்கள். அந்த வாரங்களில் அவர் சரியாக உறங்கவில்லை என்பதை மறைக்க மாட்டோம். வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று உறுதி சொல்ல நம்மால் முடியாது; அது விசாரிப்பவர்களும் அரசு வழக்கறிஞரும் முடிவு செய்வது. ஆனால் தாமாக முன்வந்து சொன்னவர் நிலையும், சோதனையில் பிடிபட்டவர் நிலையும் ஒன்றாக இருக்காது.

நேயர்களே, பழைய தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்கள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம். பெரியவர்கள் கட்டிவைத்த மூட்டைகளும் பெட்டிகளும் இன்னும் பிரிக்கப்படாமலே இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேட்டுவிடுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போது கேட்டால் விவரம் சொல்ல ஆள் இருக்கிறது. பிறகு கேட்டால், பெட்டிதான் இருக்கும்.