குருத்தணுவும் நடுக்குவாதமும்

முதியவர் ஒருவர் சட்டைப் பொத்தானை மாட்ட முயல்கிறார், விரல்கள் நடுங்குகின்றன. நடக்க எண்ணுகிறார், கால் உடனே எழுவதில்லை. அவருடைய கையெழுத்தும் நாளடைவில் சிறுத்துக்கொண்டே வருகிறது. இந்நோய்க்கு நடுக்குவாதம் என்று பெயர். 1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் இதனை விரிவாக விளக்கி எழுதினார். ஆதலால் இது பார்க்கின்சன் நோய் என்றும் வழங்கப்படுகிறது.

நோய் வரும் வழி

மூளையின் நடுப்பகுதியில் கருநிறம் கொண்ட நரம்பணுக்கள் சில உள்ளன. அவை டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. உடலின் அசைவுகள் சீராக நிகழ அப்பொருள் இன்றியமையாதது. நடுக்குவாதத்தில் இந்நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. தோலில் காயம் பட்டால் புதுத்தோல் வளர்கிறது. எலும்பு முறிந்தால் மீண்டும் கூடுகிறது. ஆனால், அழிந்துபோன இந்நரம்பணுக்களை உடல் மீண்டும் ஆக்கிக்கொள்வதில்லை. மாத்திரைகள் டோபமைன் குறையை ஈடுசெய்யும். நரம்பணுக்களின் அழிவை அவை தடுப்பதில்லை.

குருத்தணு என்பது யாது?

வாழையின் குருத்து விரிந்து இலையாகிறது. அதுபோல, இன்ன வகை என்று முடிவாகாத இளம் உயிரணுவே குருத்தணு. அது தன்னைப்போன்ற அணுக்களைப் பெருக்கும். வேறுவகை அணுவாகவும் மாறும். எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள் இரத்த அணுக்களை உண்டாக்குகின்றன. கருவின் தொடக்க நிலையிலுள்ள குருத்தணுக்களோ, உடலின் எல்லாவகை அணுக்களாகவும் மாறவல்லன. 1998ஆம் ஆண்டில் மனிதக் கருவிலிருந்து அவற்றைப் பிரித்து வளர்த்தனர். கருவை ஆய்வுக்குப் பயன்படுத்துதல் அறமாகுமா என்னும் வினா அப்போது வலுவாக எழுந்தது.

ஜப்பானிய அறிஞர் ஷின்யா யாமனாக்கா வேறொரு வழியைக் கண்டார். 2006ஆம் ஆண்டில் சுண்டெலியின் தோல் அணுக்களில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றைக் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டில் மனித அணுக்களிலும் இது கைகூடியது. 2012ஆம் ஆண்டிற்கான மருத்துவ நோபல் பரிசை அவரும் ஜான் கர்டனும் பகிர்ந்துகொண்டனர்.

கியோட்டோ ஆய்வு

2018ஆம் ஆண்டில் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் இம்முறை நடுக்குவாத நோயாளிகளிடம் ஆராயப்பட்டது. கொடையாளரின் அணுக்களிலிருந்து பெற்ற குருத்தணுக்களை டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களாக வளரத்தக்க நிலைக்குக் கொண்டுவந்து, 7 பேரின் மூளையில் செலுத்தினர். அவர்கள் 50 முதல் 69 வயதினர். முழுதும் மாறாத குருத்தணுக்கள் கட்டியாக வளரக்கூடும் என்பதே மருத்துவர்களின் முதற்கவலை. எனவே, ஈராண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். 2025இல் முடிவுகள் வெளியாயின. கட்டி எதுவும் தோன்றவில்லை. கடுமையான பக்கவிளைவும் இல்லை. பயன் மதிப்பிடப்பட்ட 6 பேருள் 4 பேருக்கு அசைவுகள் மேம்பட்டிருந்தன. எனினும், சிலரிடம் கண்ட பயன் எல்லார்க்கும் பொருந்துமா என்பதைப் பெரிய ஆய்வுகளே உறுதிசெய்ய வேண்டும்.

நம்பிக்கையும் எச்சரிக்கையும்

தீராத நோயுற்றோர் வீட்டில், "ஓர் ஊசியில் குணமாகும்" என்னும் விளம்பரம் எளிதில் நம்பப்படும். சேமிப்பைச் செலவிட்டும் நகையை விற்றும் அச்சிகிச்சையை நாடுவோர் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதனைத் தெளிவுபடுத்துகிறது. இரத்த நோய்கள் சிலவற்றுக்கான குருத்தணு மாற்றுச் சிகிச்சையே அதன்படி ஏற்கப்பட்டது. பிற நோய்களுக்கு அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே அதனைச் செய்யலாம். ஆய்வு வேறு, நிறுவப்பட்ட மருந்து வேறு. இவ்வேறுபாட்டை அறிந்து கேள்வி கேட்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால், நோயாளியின் உடலும் பொருளும் காக்கப்படும்.

சொற்பொருள்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
கைகூடியது – நிறைவேறியது
கொடையாளர் – தானமாகத் தருபவர்

விடை எழுதுக
1. நடுக்குவாதம் எதனால் உண்டாகிறது?
2. யாமனாக்காவின் கண்டுபிடிப்பு எவ்வினாவுக்கு வழிகாட்டியது?
3. "ஆய்வு வேறு, நிறுவப்பட்ட மருந்து வேறு" – விளக்குக.