பொறி விழும் நேரம்

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர்வதற்கு முன்பே ஸ்பார்க் பிளக்கில் பொறி விழுந்தாக வேண்டும். பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை சட்டென்று ஒரே வெடிப்பில் எரிந்து தீர்வதில்லை. பிளக்கின் முனையில் பிறக்கும் சுடர் சிலிண்டர் முழுவதும் பரவ ஏறத்தாழ 2 மில்லி விநாடி பிடிக்கிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டி, கிராங்க் ஷாஃப்ட் சுமார் 15 டிகிரி திரும்பியிருக்கும் நேரத்தில் அழுத்தம் உச்சத்தைத் தொட்டால் எரிபொருளிடமிருந்து அதிகபட்ச வேலையை வாங்கிவிடலாம். அதற்கு முன்பே தொட்டால் மேலேறும் பிஸ்டனை அழுத்தம் எதிர்த்து நிற்கும். பிந்தித் தொட்டால் வெப்பம் சைலன்சர் வழியே வெளியேறி வீணாகும். உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னதாகப் பொறி விழுகிறது என்பதற்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர்தான் அட்வான்ஸ்.

இந்த அட்வான்ஸ் ஒரே எண்ணாக இருக்க முடியாது. 1,000 ஆர்பிஎம் வேகத்தில் 2 மில்லி விநாடிக்குள் கிராங்க் ஷாஃப்ட் 12 டிகிரிதான் திரும்பும்; 6,000 ஆர்பிஎம்மில் 72 டிகிரி திரும்பிவிடும். வேகம் கூடக்கூட சிலிண்டருக்குள் காற்றின் கொந்தளிப்பும் கூடி எரிதலை விரைவுபடுத்துவதால் அவ்வளவு அட்வான்ஸ் தேவைப்படுவதில்லை என்றாலும், வேகத்தோடு அது ஏறித்தான் ஆக வேண்டும். இரண்டாவது காரணி சுமை. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் வரும் கலவை குறைவு. அடர்த்தி குறைந்த கலவை மெதுவாக எரியும். அதற்குக் கூடுதல் அட்வான்ஸ் வேண்டும். மேட்டில் முழுவதும் மிதித்து ஏற்றும்போது கலவை நெருக்கமாக வந்து வேகமாக எரியும். அப்போது அட்வான்ஸைக் குறைக்க வேண்டும்.

அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டி காடிலாக் கார்களுக்காக உருவாக்கிய பேட்டரிப் பற்றவைப்பு முறை, அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் கார்களை ஓட்டியது. பாயிண்ட் எனப்படும் சிறிய தொடுமுனைகள் திறக்கும்போது காயிலின் முதல் சுற்றில் ஓடும் மின்னோட்டம் அறுபடுகிறது. இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. அதை டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார் உரிய பிளக்குக்கு அனுப்புகிறது. அட்வான்ஸைக் கவனித்துக்கொள்ள அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு அமைப்புகள் உண்டு. சுழலும் எடைகள் வேகம் கூடும்போது ஸ்பிரிங்குகளை இழுத்துக்கொண்டு வெளியே விரிந்து பொறியை முன்தள்ளும். ரப்பர் சவ்வு கொண்ட வாக்குவம் கேப்ஸ்யூல் சுமைக்கேற்ப மீதியைச் செய்யும். மினி, எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்களில் இருப்பது லூகாஸ் நிறுவனத்தின் டிஸ்ட்ரிபியூட்டர். 1961இல் அதே லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் பெயரால்தான் சென்னை பாடியில் ஒரு பேருந்து நிறுத்தமே இன்றும் அழைக்கப்படுகிறது.

மின்னணுச் சுற்று எதுவும் இல்லாமல், இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரு சவ்வையும் வைத்து இவ்வளவைச் சாதித்தது மகத்தான வேலை. ஆனால் ஐம்பது ஆண்டு ஓடிய டிஸ்ட்ரிபியூட்டர் தன் பழைய நிலையில் இருப்பதில்லை. பாயிண்டின் குதிப்பகுதி தேயத்தேய 0.4 மில்லிமீட்டர் இடைவெளி சுருங்கி, பொறி பிந்துகிறது. புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் நான்கு சிலிண்டருக்கும் நான்கு விதமான டைமிங் கிடைக்கும். ஸ்பிரிங் தளரும், சவ்வு கிழியும். எல்லாம் புதிதாகவே இருந்தாலும் ஓர் எல்லை உண்டு: இரண்டு ஸ்பிரிங் சேர்ந்து இரண்டு நேர்கோடுகளைத்தான் வரைய முடியும். இன்ஜின் கேட்பதோ வளைவுகளும் பள்ளங்களும் கொண்ட ஒரு பரப்பு. தொழிற்சாலை அன்று வரைந்த கோடும் ஈயம் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்து வரையப்பட்டது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அந்த பெட்ரோல் பொதுவிற்பனையிலிருந்து போய்விட்டது.

மாற்று வழிகள் பல. பாயிண்டை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் காந்த உணரியை வைப்பது எளிது. தேய்மானம் ஒழியும், ஆனால் அட்வான்ஸ் பழைய ஸ்பிரிங்குகளின் கையிலேயே இருக்கும். நெதர்லாந்தில் தயாராகும் 123இக்னிஷன் வகை டிஸ்ட்ரிபியூட்டர்கள் வெளித்தோற்றத்தில் பழையதைப் போலவே இருந்து, அட்வான்ஸை மின்னணு முறையில் கணக்கிடுகின்றன. அவற்றின் டியூன் மாதிரிகளில் வளைவை உரிமையாளரே மாற்றிக்கொள்ளலாம். பழைய தோற்றம் கெடக் கூடாது என்பவர்களுக்கு இதுவே பொருத்தம். டிஸ்ட்ரிபியூட்டரையே விட்டுவிட்டு கிராங்க் ஷாஃப்டிலிருந்து நேரடியாக நேரம் எடுப்பது மூன்றாவது வழி. வேலை அதிகம், துல்லியமும் அதிகம். 1,275 சிசி மினி இன்ஜினில் ஃபோர்டு கார்களின் எடிஸ் மாட்யூலையும் மெகாஜோல்ட் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சேர்த்துப் பொருத்துவது இதற்கு நன்கு பழகிய உதாரணம்.

வேலை தொடங்குவது லேப்டாப்பில் அல்ல, கிராங்க் புல்லியில். புல்லியோடு ஒரு பல்சக்கரம் பொருத்தப்படுகிறது. 10 டிகிரிக்கு ஒன்றாக 36 பற்களுக்கு இடம். அதில் ஒரு பல் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். சக்கரத்தின் எதிரே, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தள்ளி, காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட உணரி நிற்கிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அதில் ஒரு மின் அலை எழும். பல் இல்லாத இடம் கடந்ததும் எடிஸுக்குக் கிராங்க் ஷாஃப்டின் நிலை தெரிந்துவிடும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் அந்த வெற்றிடம், முதல் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 90 டிகிரி முன்னதாக உணரியைக் கடக்க வேண்டும். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, வெற்றிடத்துக்கு அடுத்து வரும் ஒன்பதாவது பல் உணரிக்கு நேரே இருந்தால் சரி.

அந்த உச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் பலருடைய வேலை கெடுகிறது. உச்சியை ஒட்டிச் சில டிகிரிகளுக்குக் கிராங்க் ஷாஃப்ட் திரும்பினாலும் பிஸ்டன் அசைவதே தெரியாது. ஸ்க்ரூ டிரைவரைப் பிளக் துளைக்குள் விட்டுப் பார்த்து முடிவு செய்தால் பிழை நிச்சயம். புல்லியில் தொழிற்சாலை போட்ட குறியையும் நம்ப முடியாது: 1,275 சிசி இன்ஜினின் புல்லியில் உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவே அதிர்வு தாங்கும் ரப்பர் இருக்கிறது. அது இற்றுப்போனால் வெளிவட்டம் குறியோடு நழுவிவிடும். ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் வழியே முனை மழுக்கிய ஒரு போல்ட்டை இறுக்கி முதல் சிலிண்டரில் மாட்டுவது நம்பகமான முறை. இன்ஜினைக் கையால் மெல்லத் திருப்பினால் பிஸ்டன் போல்ட்டில் முட்டி நிற்கும். அங்கே புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் திருப்பினால் மறுபடி முட்டும். அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிநடுவே இருப்பதுதான் உண்மையான உச்சி. கால் மணி நேர வேலை. இதில் 4 டிகிரி பிழைத்தால் பின்னால் எழுதப்போகும் அட்டவணையின் ஒவ்வோர் எண்ணும் 4 டிகிரி பொய்யாகும்.

மின்வேலையில் பார்க்க வேண்டியவை சில. 1960களின் பிற்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். அதை எதிர்முனைக்கு மாற்றாமல் இந்த மாட்யூல்களை இணைத்தால் அவை உடனே கருகும். காயிலுக்குப் பாதி வழியில் மின்தடைக் கம்பி வைத்த கார்களில் அதைத் தவிர்த்து, முழு 12 வோல்ட்டையும் தனி வயரில் எடுக்க வேண்டும். உணரியின் வயருக்கு உலோக உறை கட்டாயம். உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். வெறும் செம்புக் கம்பி பிளக் வயர்கள் வானொலி இரைச்சலைக் கிளப்பிக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் குழப்பும் என்பதால் மின்தடை கொண்ட வயர்களே ஏற்றவை. காயிலின் மின்னோட்டத்தை எண்ணிக் காட்டும் பழைய டேக்கோமீட்டர் இதன் பிறகு ஓடாது. அதன் உள்சுற்றை மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

புதிய காயில் பேக்கில் இரண்டு காயில்கள். ஒன்று 1, 4 சிலிண்டர்களுக்கு; மற்றது 2, 3 சிலிண்டர்களுக்கு. ஜோடிப் பிளக்குகள் இரண்டிலும் ஒரே நேரத்தில் பொறி விழும். ஒன்று அழுத்தப்பட்ட கலவையைப் பற்றவைக்கிறது. மற்றது புகை வெளியேறிக்கொண்டிருக்கும் சிலிண்டரில் விழுந்து வீணாகிறது, தீங்கில்லை. பழைய முறையில் 6,000 ஆர்பிஎம்மில் ஒரே காயில் விநாடிக்கு 200 பொறி கொடுத்தாக வேண்டும். இரண்டு பொறிகளுக்கு நடுவே 5 மில்லி விநாடிதான். அதிலும் காயில் மின்னேற்றம் பெற மூன்றில் இரு பங்கு நேரமே கிடைக்கும். இரண்டு காயில்கள் வேலையைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லி விநாடி. பொறி வலுவாவதால் பிளக் இடைவெளியை 0.6இலிருந்து 0.9 மில்லிமீட்டர் வரை கூட்டலாம்.

எடிஸும் மெகாஜோல்ட்டும் பேசிக்கொள்ளும் விதம் அழகானது. எடிஸ் தன் உணரியிலிருந்து நேரத்தைச் சொல்லும் துடிப்பை அனுப்புகிறது. மெகாஜோல்ட் வேகத்தைக் கணக்கிட்டு, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் வழியே அழுத்தத்தையும் அளந்து, எத்தனை டிகிரி வேண்டும் என்பதை ஒரு துடிப்பின் நீளத்தில் பதிலாக அனுப்புகிறது. 1,536இலிருந்து, டிகிரியை 25.6ஆல் பெருக்கிக் கழித்தால் துடிப்பின் நீளம் மைக்ரோ விநாடியில் கிடைக்கும். 10 டிகிரிக்கு 1,280. 30 டிகிரிக்கு 768. பதில் வராவிட்டால் எடிஸ் நின்றுவிடாது. 10 டிகிரியில் நிலையாகப் பொறி கொடுத்துக்கொண்டே இருக்கும், வண்டி வீடு வந்து சேரும். பொருத்திய வேலையைச் சோதிக்கவும் இதே குணம் உதவுகிறது. முதல் தடவை மெகாஜோல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டி டைமிங் லைட்டைப் பிடித்தால் குறி சரியாக 10இல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உணரியின் தாங்கியை நகர்த்தித் திருத்த வேண்டும். டிகிரியைத் தானே கணக்கிட்டுக் காட்டும் சில டைமிங் லைட்டுகள் வீண்பொறியையும் சேர்த்து எண்ணித் தவறான அளவைக் காட்டும். சாதாரண லைட்டும் புல்லியில் ஒட்டிய அளவுகோலும் போதும்.

இனி அட்டவணை. ஒரு பக்கம் பத்து வேகங்கள், மறுபக்கம் பத்து அழுத்தங்கள், நடுவே 100 கட்டங்கள்: வாய்ப்பாட்டு அட்டை போன்ற அமைப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அட்வான்ஸ். இரண்டு கட்டங்களுக்கு இடைப்பட்ட நிலையைப் பெட்டியே கணக்கிட்டுக்கொள்ளும். இதில் கைவைக்கும் முன் வால்வு கிளியரன்ஸ், கம்ப்ரஷன், கார்புரேட்டர் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். கலவை சரியில்லாத இன்ஜினுக்கு டைமிங் திருத்துவது வீண் உழைப்பு.

ஐட்லிங் பகுதியில் ஒரு நல்ல உத்தி உண்டு. 900 ஆர்பிஎம்மில் 12 டிகிரி கொடுத்தால், அதற்குக் கீழே 700இல் 16 டிகிரி கொடுப்பது. ஹெட்லைட் போட்டதும் வேகம் சரிந்தால் அட்வான்ஸ் தானாக ஏறி இன்ஜினைத் தூக்கி நிறுத்தும். எடைகளும் ஸ்பிரிங்கும் இதைச் செய்யவே முடியாது. அவற்றுக்கு வேகம் குறைந்தால் அட்வான்ஸும் குறைந்தே தீரும். சீரான ஓட்டத்துக்கான கட்டங்களில், அதாவது 50 கிலோபாஸ்கலை ஒட்டிய அழுத்தத்தில், 40 டிகிரி வரையிலும் போகலாம். முழு ஆக்சிலரேட்டரில், அழுத்தம் 100 கிலோபாஸ்கலை நெருங்கும்போது, இந்த இன்ஜினுக்கு 3,500 ஆர்பிஎம்முக்கு மேல் பொதுவாக 30 டிகிரிக்கு அருகே போதும். தொடங்கும்போது இதைவிட 4, 5 டிகிரி குறைத்தே எழுதுவது பாதுகாப்பு.

காரணம் நாக்கிங். சுடர் வந்து சேர்வதற்கு முன்பே சிலிண்டரின் மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை, வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் தானே பற்றிக்கொள்வதுதான் அது. தொடர்ந்து இடித்தால் பிஸ்டனின் ரிங் பள்ளங்களின் விளிம்புகள் உடையும். கெட்டரிங்கின் பேட்டரிப் பற்றவைப்பே இடிப்புக்குக் காரணம் என்று அந்தக் காலத்தில் புகார் எழுந்தது. அந்தப் புகாரை ஆராய்ந்ததன் தொடர்ச்சியாகத்தான் 1921இல் அவருடைய ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தார். இடிப்பு அடங்கியது, ஈயம் பல பத்தாண்டுகள் காற்றில் கலந்தது. புதிய கார்களில் இடிப்பை உணர்ந்து டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும் உணரி உண்டு. இந்தப் பழைய இன்ஜினில் காதுதான் உணரி. டியூனர்கள் ஒரு செம்புக் குழாயின் முனையைத் தட்டையாக்கி இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கி, மறுமுனையில் ரப்பர் ஹோஸ் மாட்டி, ஒலித்தடுப்புக் காதுறைக்குள் கொண்டுவந்து கேட்பார்கள். சாலையில் காதுக்கு எட்டாத மெல்லிய இடிப்பும் அதில் தெளிவாகக் கேட்கும்.

ரோலிங் ரோடு எனப்படும் உருளைத் தளம் கிடைத்தால் வேலை முறையாக நடக்கும். வேகத்தையும் சுமையையும் ஒரு கட்டத்தில் நிறுத்தி வைத்து, அட்வான்ஸை ஒவ்வொரு டிகிரியாகக் கூட்ட வேண்டும். டார்க் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் கூட்டுவதில் ஆதாயமில்லை, ஆபத்துதான். டார்க் ஏற்றம் நின்ற இடத்திலிருந்து ஒன்றிரண்டு டிகிரி இறங்கி நிற்பது நல்ல டியூனரின் அடையாளம். அதற்கு முன்பே இடிப்பு கேட்டால், கேட்ட இடத்துக்கு வெகுவாகக் கீழே நிற்க வேண்டும். முழு ஆக்சிலரேட்டரில் கிடைக்கும் குதிரைத்திறன், நல்ல நிலையிலுள்ள டிஸ்ட்ரிபியூட்டர் தருவதைவிடப் பெரிதாகக் கூடிவிடாது. பலன் தெரிவது வேறு இடங்களில்: காலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆவது, நடுங்காத ஐட்லிங், பாதி மிதியில் கிடைக்கும் பிக்கப், நெடுஞ்சாலையில் மிச்சமாகும் பெட்ரோல்.

அட்டவணை முடிந்ததும் ஐட்லிங் வேகம் ஏறியிருக்கும். கார்புரேட்டரின் திருகைத் தளர்த்திக் கலவையை மறுபடி சரிபார்க்க வேண்டும். கடைசிச் சோதனை சாலையில்தான்: இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, வெயில் நேரத்தில், நீண்ட மேட்டில், டாப் கியரில், குறைந்த வேகத்திலிருந்து முழுவதும் மிதித்து ஏற்ற வேண்டும். லேசான தட்டல் கேட்டாலும் அந்தக் கட்டத்திலும் அதன் அண்டைக் கட்டங்களிலும் 2 டிகிரியைக் குறைக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் உணரியின் இடைவெளியையும் பல்சக்கரத்தின் போல்ட்டுகளையும் ஒரு தடவை பார்த்து இறுக்கிவிட்டால், அதன் பிறகு ஒழுங்காக மாற்ற வேண்டியவை பிளக்கும் பிளக் வயரும் மட்டுமே.