கடை வாசலில் சைக்கிள்: வணிகர் பொறுப்பு எதுவரை?



ஆரணி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரக் கடைத்தெருக்களில் கீழே கடை, மேலே குடியிருப்பு என்று அமைந்த கட்டடங்கள் பல. மாடியில் இருப்போரில் சிப்காட் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் உண்டு. பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டி பெற்ற பிள்ளைகளும் உண்டு. குறுகிய படிக்கட்டில் சைக்கிளைத் தினமும் தூக்கிச் செல்ல இயலாது. ஆகவே இரவில் அவை நமது ஷட்டர் முன்போ, விளக்குக் கம்பத்திலோ நிற்கின்றன. காலையில் சரக்கு இறக்க இடைஞ்சல். வண்டி காணாமற்போனால் முதலில் விசாரிக்கப்படுபவரும் கடைக்காரரே.

இதற்கு வழி, சைக்கிளுக்கென ஓர் இடம் ஒதுக்குவதுதான். ஒரு கார் நிறுத்த இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் வேண்டும். அதே இடத்தில் சுமார் பத்து சைக்கிள்கள் நிற்கும். லண்டனில் மாடிக் குடியிருப்போருக்காகவே தெருவோரத்தில் பூட்டிய இரும்புக் கூண்டுகள் வைத்துள்ளனர். அரைக் கார் இடத்தில் ஆறு சைக்கிள்கள் அடங்கும். வாடகை கட்டியவரிடம் மட்டுமே சாவி இருக்கும்.

நமக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. 'ப' எழுத்தைக் கவிழ்த்தது போன்ற இரும்புக் குழாயைக் கான்கிரீட்டில் ஊன்றினால் போதும். ஒரு குழாயில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள்களைச் சாத்தலாம். குழாய்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துச் சங்கிலி போட வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும் ஸ்டாண்டு உதவாது. திருடன் அச்சாணி நட்டைக் கழற்றி, சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோய்விடுவான். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாகப் பார்ப்பது நலம்.

சொந்த இடத்தில் இதை நாமே அமைக்கலாம். தெருவில் நாமாகக் குழாய் நட்டால் அது ஆக்கிரமிப்பாகிவிடும். பேரூராட்சித் தெரு என்றால் பேரூராட்சியிடமும், நெடுஞ்சாலை என்றால் அத்துறையிடமும் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும்.

இனி, வணிகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய சட்ட நிலை. இடம் கொடுப்பது வேறு. பொருளைப் பொறுப்பேற்பது வேறு. சைக்கிள்காரர் தாமே பூட்டிச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டால், வண்டி அவர் வசமே இருக்கிறது. நாம் சாவி வாங்கினாலோ, டோக்கன் கொடுத்து உள்ளே வைத்தாலோ, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148, 151 பிரிவுகளின்படி அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். சொந்தப் பொருளைக் காக்கும் கவனத்தோடு அதைக் காக்க வேண்டும். காசு வாங்கவில்லை என்பதால் இக்கடமை நீங்காது.

'உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சிட்டால் போதும் எனச் சிலர் எண்ணுகின்றனர். 1998-இல் டெல்லியில் ஒரு பெரிய ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோயிற்று. சீட்டில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. எனினும், தன் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பிலிருந்து அந்த வாசகத்தைக் காட்டி ஓட்டல் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில் மற்றொரு மாற்றமும் உண்டு. திருட்டுப் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறைக் குற்றவாளி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை மட்டுமே. பழைய சைக்கிள்கள் பலவும் இந்த மதிப்புக்குள்தான் வரும். எனவே தண்டனை பயத்தை நம்புவதைவிடப் பூட்டை நம்புவதே மேல்.

வணிகர்கள் கவனத்திற்கு:

1. சாவியோ டோக்கனோ கைமாற வேண்டாம்.
2. கட்டணம் வாங்கி ஸ்டாண்டு நடத்துவதானால் உரிய அனுமதி, காவலாள், பதிவேடு மூன்றும் வேண்டும்.
3. ஒரே தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து, இடத்தின் வரைபடத்துடன் ஒரே மனுவாகக் கொடுங்கள்.

வாசலில் வழி கிடைத்தால் சரக்கும் இறங்கும், வாடிக்கையாளரும் ஏறி வருவார். மாடியில் இருப்பவரும் நம் வாடிக்கையாளரே.