இரண்டு விரல்களில் ஒரு இசை மரபு! - ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் கதை

1928, நவம்பர். பாரிஸ் நகரின் எல்லையில் நின்றிருந்த ஒரு வண்டி வீட்டில் இரவில் தீப்பிடித்தது. விற்பதற்காக மனைவி செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் தீ மளமளவெனப் பரவியது. அப்போதுதான் வாசித்துவிட்டு வீடு திரும்பியிருந்த 18 வயது ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் உயிர் தப்பினார். ஆனால், ஒரு காலும் இடது கையும் வெந்துபோயின.

காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். ஜாங்கோ சம்மதிக்கவில்லை. கால் பிழைத்தது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியே போயின. கிடாரில் தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிப்பது அந்தக் கைதான்!

மனூஷ் பிள்ளை

ஜாங்கோ பிறந்தது 1910-ல், பெல்ஜியத்தின் லிபெர்ஷி கிராமத்தில். ஊர் ஊராகச் செல்லும் ‘மனூஷ்’ ஜிப்ஸி இனம். இவர்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். நாம் சொல்லும் ‘மனுஷன்’தான் அந்த ‘மனூஷ்’!

பள்ளிப் படிப்பு இல்லை. இசைக் குறிப்புகளையும் வாசிக்கத் தெரியாது. எல்லாமே கேள்வி ஞானம். பதின்ம வயதிலேயே பாரிஸ் நடன அரங்குகளில் வாசித்துச் சம்பாதித்தார்.

மருத்துவமனையில் இருந்தவருக்குத் தம்பி ஜோசப் ஒரு கிடார் கொண்டுவந்து கொடுத்தார். ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டையும் தந்திகளின் மேலும் கீழுமாக ஓடவிட்டு, புதிய வாசிப்பு முறையையே உருவாக்கிக்கொண்டார் ஜாங்கோ. மடங்கிய விரல்கள் சில கார்டுகளுக்கு மட்டும் உதவின.

டிரம்ஸ் இல்லாத ஜாஸ்

1934-ல் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து குழு தொடங்கினார். மூன்று கிடார், ஒரு வயலின், ஒரு டபுள் பேஸ். டிரம்ஸ் கிடையாது, டிரம்பெட் கிடையாது. இரண்டு கிடார்கள் ‘ஜங்க்... ஜங்க்...’ எனத் தாளத்தைத் தாங்க, ஜாங்கோவின் கிடார் பறந்தது. அமெரிக்காவில் பிறந்த ஜாஸுக்கு ஐரோப்பா கொடுத்த வடிவம் இது. ஜிப்ஸி ஜாஸ் பிறந்தது இப்படித்தான்.

1939-ல் போர் மூண்டபோது குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்க, ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். நாஜிகள் லட்சக்கணக்கான ஜிப்ஸிகளைக் கொன்ற காலம் அது. 1943-ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்றும் முடியவில்லை. ஆபத்தின் நடுவே வாசித்துக்கொண்டே உயிர் பிழைத்தார். அந்த நாள்களில் பாரிஸ் கொண்டாடிய ‘நுவாஜ்’ அவர் இசையமைத்ததுதான். ‘மேகங்கள்’ என்று பொருள்.

1946-ல் அமெரிக்கா சென்று டியூக் எலிங்டனுடன் வாசித்தார். பிறகு, சேன் நதிக்கரையில் சாமுவா கிராமத்தில் குடியேறினார். 1953 மே 16 அன்று, 43 வயதில் மூளை ரத்தக்கசிவு அவரைக் கொண்டுபோனது.

பிறகும் தொடரும் இசை

தொழிற்சாலை விபத்தில் இரு விரல் நுனிகளை இழந்து, கிடாரையே விட்டுவிட நினைத்த இங்கிலாந்து இளைஞர் ஒருவருக்கு ஜாங்கோவின் ரெக்கார்டைப் போட்டுக் காட்டினார் அவரின் மேலாளர். அந்த இளைஞர்தான் பின்னாளில் ‘பிளாக் சபாத்’ குழுவின் டோனி ஐயோமி!

ஜிப்ஸி குடும்பங்களில் இன்றும் பிள்ளைகள் பெரியவர்கள் வாசிப்பதைக் கேட்டே கற்கிறார்கள். அப்படி வளர்ந்த பிரேலி லக்ரேன் 13 வயதில் ஆல்பம் வெளியிட்டு அசத்தியவர்.

யூடியூபில் 1937-ல் பதிவான ‘மைனர் ஸ்விங்’கைக் கேட்டுப் பாருங்கள். வாசிப்பது இரண்டே விரல்கள் என்று தெரிந்த பிறகும் நம்ப முடியாது!