அடைப்புக்குறிக்குள் ஒரு மலை: வாக்கிய அமைப்பும் பொருளும்

போன எபிசோட்ல சொல்லைப் பத்திப் பேசினோம். இன்னைக்கு வாக்கியம். சொற்கள் எப்படி ஒண்ணோட ஒண்ணு சேருது, சேர்ந்த பிறகு பொருள் எங்கிருந்து வருது, இதுதான் கேள்வி. நான் கள்ளக்குறிச்சிக்காரன், தொழில் கோட் எழுதுறது. அதனால உதாரணமெல்லாம் இந்த ரெண்டு பக்கத்துல இருந்தும் வரும். கடைசியில ஒரு சட்டப் பட்டியலுக்குப் போவோம். அங்க ஒரு அடைப்புக்குறி எத்தனை பேர் வாழ்க்கையைத் தீர்மானிக்குதுன்னு பார்க்கலாம்.

முதல்ல ரெண்டு வாக்கியம். ஒண்ணு: "மலை நேத்து பஸ் ஏறி சின்னசேலம் போச்சு." இன்னொண்ணு: "நான் நேத்து பஸ் ஏறி சின்னசேலம் போச்சு."

முதல் வாக்கியத்துல இலக்கணப் பிழையே கிடையாது. எழுவாய் அஃறிணை, பயனிலையும் அஃறிணை. ஆனா அர்த்தம் கிடையாது, மலை பஸ் ஏறாது. ரெண்டாவதுல இலக்கணம் தப்பு, "போனேன்"னு வரணும். ஆனா என்ன சொல்ல வர்றாங்கன்னு எல்லாருக்கும் புரியும். ஆக, வாக்கிய அமைப்பு வேற, பொருள் வேற. மொழியியல்ல முன்னதை தொடரியல்னும் பின்னதை பொருண்மையியல்னும் சொல்றாங்க. கோட் எழுதுறவங்களுக்கு இது பழகின விஷயம்தான். புரோகிராம் கம்பைல் ஆகும், ஆனா தப்பான வேலை செய்யும்.

நம்ம மரபுல இதுக்கு மூணு அழகான சொல் இருக்கு: அவாய்நிலை, தகுதி, அண்மை. "கொடுத்தான்"னு ஒருத்தர் சொன்னதும் மனசுல யாரு, எதை, யாருக்குன்னு மூணு கேள்வி எழுது இல்லையா? ஒரு சொல் இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்கிறது அவாய்நிலை. ஃபங்ஷன் மூணு ஆர்கியுமென்ட் கேக்குற மாதிரி. வந்து சேர்ற சொல் பொருத்தமா இருக்கிறது தகுதி. பஸ் ஏறுன மலைக்கு அந்தத் தகுதி இல்ல. சேர வேண்டிய சொற்கள் பக்கத்துல பக்கத்துல வர்றது அண்மை.

தமிழ்ல சொல் வரிசை ரொம்பத் தளர்வானதுன்னு சொல்வாங்க. "நான் தம்பிக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்", "புத்தகத்தைத் தம்பிக்கு நான் கொடுத்தேன்". எப்படி மாத்தினாலும் யார் கொடுத்தாங்க, யார் வாங்கினாங்கன்றது மாறல. காரணம் வேற்றுமை உருபு. "கு"வும் "ஐ"யும் ஒவ்வொரு சொல்லுக்கும் அதோட வேலையை ஒட்டி விட்டுடுது. பைத்தான்ல ஆர்கியுமென்டைப் பேர் சொல்லி அனுப்பினா வரிசை முக்கியமில்லையே, அதே கதைதான்.

ஆனா இந்தத் தளர்வுக்கு ஒரு எல்லை இருக்கு. "கரியாலூர்ல இருந்து வந்த டீச்சரோட தம்பி"ன்னு வெச்சுக்குவோம். கரியாலூர்ல இருந்து வந்தது டீச்சரா, தம்பியா? ரெண்டு விதமாவும் படிக்கலாம். சொற்கள் அதேதான், வரிசையும் அதேதான். மாறுறது எது எதோட முதல்ல சேருதுன்றது மட்டும். "கரியாலூர்ல இருந்து வந்த டீச்சர்"னு முதல்ல சேர்த்தா டீச்சர் வந்தாங்க. "டீச்சரோட தம்பி"ன்னு முதல்ல சேர்த்தா தம்பி வந்தான்.

இதுதான் இன்னைக்குப் பாடத்தோட மையம். வாக்கியம் மணி கோத்த மாலை இல்ல, கிளை விட்ட மரம். நாம கேக்குறது ஒரு வரிசை, மனசு கட்டுறது ஒரு மரம். ஒரே வரிசைக்கு ரெண்டு மரம் இருந்தா ரெண்டு பொருள்.

கடைப் பலகையில "கல்வராயன் மலை தேன் கடை"ன்னு எழுதியிருந்தா? கல்வராயன் மலைத் தேன் விக்கிற கடையா, கல்வராயன் மலையில இருக்கிற தேன் கடையா? ஆனா எப்படிப் பிரிச்சாலும் அது கடைதான், தேன் இல்ல. தமிழ்த் தொகையில பெரும்பாலும் கடைசிச் சொல்தான் தலை. முன்னாடி வர்றதெல்லாம் அதுக்கு அடை.

இப்ப அந்தப் பட்டியலுக்கு வருவோம். கல்வராயன் மலையில வாழ்ற பழங்குடி மக்களுக்குப் பேர் மலையாளி. பேசுறது தமிழ். கேரளத்துக்காரங்களையும் நாம மலையாளின்னுதான் சொல்றோம். ஒரு சொல், ரெண்டு பொருள். மலையில வாழ்ற ஆள்ன்ற அர்த்தத்துல வந்த பேருக்கும், மலையாள மொழி பேசுறவங்கன்ற பேருக்கும் எழுத்துல வித்தியாசமே இல்ல. இது சொல் அளவுல வர்ற குழப்பம்.

1950-ஆம் ஆண்டு பழங்குடியினர் ஆணையில தமிழ்நாட்டுப் பகுதியில 25-ஆவது பதிவு மலையாளி. அதோட நிக்கல. பக்கத்துல ஒரு அடைப்புக்குறி. அதுக்குள்ள தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள்ல இருக்கிறவங்கன்னு வருது. தொடரியல் கண்ணால பார்த்தா இது ஒரு அடை, "மலையாளி"ன்ற தலையைச் சுருக்குது. எல்லா மலையாளியும் இல்ல, இந்த ஆறு மாவட்டத்து மலையாளி மட்டும்.

இதுல கள்ளக்குறிச்சி இல்லையேன்னு கேப்பீங்க. எப்படி இருக்கும்? தென்னாற்காடு 1993-ல பிரிஞ்சு விழுப்புரம் வந்தது. விழுப்புரத்துல இருந்து கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ல தனி மாவட்டமாச்சு. இன்னைக்கு மேப்ல தென்னாற்காடுன்னு ஒரு மாவட்டமே கிடையாது. அப்போ அந்தச் சொல் எதைக் குறிக்குது?

ஃப்ரேகேன்னு ஒரு ஜெர்மன் தர்க்கவியலாளர் 1892-ல ஒரு கட்டுரையில இந்த மாதிரிக் கேள்வியை எடுத்தார். விடிவெள்ளி, அந்திவெள்ளி ரெண்டும் ஒரே வெள்ளிக் கோள்தான். குறிக்கிற பொருள் ஒண்ணு, குறிக்கிற விதம் வேற. பேர் ஒரு பக்கம், பேர் சுட்டுற பொருள் இன்னொரு பக்கம். பேர் வழக்கொழிஞ்சு போனாலும் சுட்டுன நிலம் அங்கேயேதான் இருக்கு.

சட்டம் இதைத் தெளிவாவே கையாளுது. ஆணையில வர்ற மாவட்டப் பேரெல்லாம் 1976 மே 1-ஆம் தேதி இருந்த எல்லைப்படி படிக்கணும்னு அதே ஆணை சொல்லுது. புராஜெக்ட்ல ஒரு பேக்கேஜோட வெர்ஷனை லாக் பண்றோமே, அப்படி. அந்தத் தேதியில கல்வராயன் மலையோட நம்ம பக்கம் தென்னாற்காட்டுக்குள்ள இருந்தது. அதனால கள்ளக்குறிச்சின்ற பேர் இல்லாமலேயே இந்த மக்கள் பட்டியலுக்குள்ள வர்றாங்க.

அதே விதி இன்னொரு பக்கம் கதவை மூடுது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலயும் மலையாளி மக்கள் இருக்காங்க. 1976-ல அந்தப் பகுதி கோயம்புத்தூர் மாவட்டம். ஈரோடு தனியா வந்ததே 1979-லதான். அடைப்புக்குறிக்குள்ள கோயம்புத்தூர் இல்ல. அதனால அவங்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் இல்ல. படிப்பு, வேலை, கடன்னு எல்லாத்துக்கும் அந்தக் காகிதம் வேணும். பல வருஷமா அவங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.

"அர்த்தம் புரியுதே, அவங்களும் மலையாளிதானே, நீதிமன்றம் சேர்த்துப் படிக்கக் கூடாதா?"ன்னு தோணும். மகாராஷ்டிர அரசு எதிர் மிலிந்த் வழக்குல 2000-ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதுமாதிரி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச்சு. பட்டியல்ல "ஹல்பா, ஹல்பி"ன்னு இருக்கு. "ஹல்பா-கோஷ்டி" அதுக்குள்ள வருமா? நாம இங்க தலை எது, அடை எதுன்னு ஆராய ஆரம்பிப்போம். நீதிமன்றமோ, பட்டியலை இருக்கிறபடியே படிக்கணும், உள்ளே வருமான்னு விசாரணை பண்ணிச் சேர்க்க முடியாதுன்னு சொல்லிச்சு. அரசியல் சாசனம் 342-ஆவது பிரிவுப்படி மாத்துற அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான்.

இதுல ஒரு பாடம் இருக்கு. "நான் போச்சு"ன்னு சொன்னாக்கூட டீக்கடையில நம்மளைப் புரிஞ்சுக்கிறாங்க, ஏன்னா கேக்குறவர் நம்ம மனசையும் சேர்த்துக் கேக்குறார். சட்ட வாக்கியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்க மரம் எப்படிக் கட்டியிருக்கோ அதுதான் பொருள். பர்கூர் மலைக்காரரோட பிரச்சினை அவர் யாருன்றதுல இல்ல, அந்தக் குறிக்குள்ள அவர் மாவட்டம் எழுதப்படலன்றதுல இருக்கு. அதனால அதைத் தீர்க்குற வழியும் வாக்கியத்தைத் திருத்துறதுதான்.

அடுத்த தடவை ஒரு அரசாணையோ, வாடகை ஒப்பந்தமோ கையில வந்தா இந்த மூணைக் கேட்டுப் பாருங்க: தலை எது? அடை எதோட சேருது? பேர் எந்தத் தேதியில எதைச் சுட்டுது? அடுத்த எபிசோட்ல "நாம்", "நாங்கள்" வித்தியாசம் பத்திப் பேசலாம்.