குளித்த நீரும் கரிசல் மண்ணும்

கேரளம் என்றாலே மழை என்று எண்ணுபவர்கள் நம் எல்லை ஊர்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். பாலக்காட்டின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி. இடுக்கியில் மறையூர், சின்னாறு. இவை மழை மறைவுப் பகுதிகள். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் சித்தூர் வட்டத்தில் வயல்கள் இருக்கின்றன. வீட்டுத் தோட்டத்துக்கு அதில் பங்கு கேட்க முடியுமா?

அப்படியானால் குளித்த தண்ணீரும் துணி அலசிய தண்ணீரும்தான் மிச்சம். கழிப்பறை நீர் கலக்காத இந்தக் கழிவுநீரை அரசு ஆவணங்கள் ‘சாம்பல் நீர்’ என்கின்றன. 2020-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. நம் வீடுகளில் இது புதிதல்ல. “குளிச்ச தண்ணி வாழைக்கு, கழனித் தண்ணி மாட்டுக்கு” என்று வைத்திருந்தவர்கள்தானே நாம்.

இப்போது வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும் வீடுகளில் முன்புறம் புல்தரை போடுகிறார்கள். அதற்கு இந்த நீர் போதுமா என்று பார்ப்போம். ஊரகக் குடிநீர்த் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நால்வர் உள்ள வீட்டில் 220 லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 140 லிட்டர், சாம்பல் நீராக வெளியேறும். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளுக்கு 5 லிட்டராவது வேண்டும். கணக்குப் போட்டால் 28 சதுர மீட்டர். ஒரு சென்ட்கூட இல்லை! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் இன்னும் குறையும். அதே நீரில் ஏழெட்டு வாழை வளர்க்கலாம். புல் வேண்டும் என்பவர்கள் சின்னதாக வைத்துக்கொள்வதே நல்லது.

அளவை விடப் பெரிய சிக்கல் சோப்பில் இருக்கிறது. சித்தூர் வட்டத்தில் கேரளத்தில் அபூர்வமான கரிசல் மண் உண்டு. மலிவான சலவைத் தூள்களில் சோடியம் உப்புகள் நிறைய. கரிசலின் களித்துகள்கள் சோடியத்தைப் பிடித்துக்கொண்டால் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். நனைந்தால் வழவழவென்று கொழகொழக்கும், காய்ந்தால் கல்லாகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது. முன்பு வண்ணார்கள் துணி வெளுக்க உவர்மண் எடுத்து வந்தார்கள் அல்லவா? அதன் அழுக்கு நீக்கும் சக்தியும் சோடியம் உப்பால் வந்ததே. நாம் நாள்தோறும் சலவை நீரை ஒரே இடத்தில் ஊற்றினால், நல்ல மண்ணை உவர்மண்ணாக்கும் வேலையைத்தான் செய்கிறோம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைநீர் எடுத்து, காய்ந்த சிறு மண்கட்டியைப் போட்டு அசைக்காமல் சில மணி நேரம் விடுங்கள். கட்டி வெறுமனே உதிர்ந்தால் கவலை இல்லை. அதைச் சுற்றி நீர் பால்போலக் கலங்கிப் பரவினால் சோடியம் ஏறியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது மண் பரிசோதனை செய்து, சொல்லும் அளவில் ஜிப்சம் இட வேண்டும்.

ஆகவே குளியல் நீரைத் தோட்டத்துக்கு விடுங்கள். முதல் சலவை நீரைத் தவிர்த்து, அலசிய நீரை மட்டும் சேருங்கள். குழந்தையின் மலம் பட்ட துணி அலசிய நீர் கழிப்பறைக்கே போக வேண்டும். அடுக்களை நீரில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் சரளையும் மணலும் இட்ட தொட்டி வழியாக வடியட்டும். மேல்மணலை அவ்வப்போது மாற்ற வேண்டும், இல்லையேல் நாறும். கல்வாழையும் வாழையும் இந்த நீரைச் சலிக்காமல் குடிக்கும். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் கேரட்டுக்கும் ஆகாது. ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாற்றமும் கொசுவும்தான்.

தூவலாகத் தெளிக்காதீர்கள். காற்று பாதியைக் கொண்டுபோகும்; மீதி நம் மேலேயே படும். புல்லின் அடியிலோ, சருகு மூடிய பள்ளத்திலோ குழாய் வைத்து விடுங்கள். இடத்தை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மறையூர், வட்டவடைச் சரிவுகளில் கூடுதல் கவனம் தேவை. பாத்தி வெட்டாமல் விட்டால் நம் சோப்புத் தண்ணி கீழ்வீட்டுக்காரர் ஓடைக்குப் போய்விடும். மழைக்காலத்தில் குழாயைத் திருப்பி உறிஞ்சுகுழிக்கு விட்டுவிடலாம். பெய்யும் மழை மண்ணில் சேர்ந்த உப்பைக் கொஞ்சம் கழுவிக் கீழே இறக்கும்.