கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு மாணவர்

'என் மகன் வேளாண் பட்டப்படிப்பு மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நெதர்லாந்து நாட்டில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. போக்குவரத்தும் தங்கும் செலவும் எங்கள் பொறுப்பு. பிசானச் சாகுபடிக்கு வைத்திருக்கும் பணத்தை எடுப்பதா, நகையை அடகு வைப்பதா என்று வீட்டில் தினமும் பேச்சு நடக்கிறது. மூன்று மாதத்தில் என்ன பெரிதாகக் கற்றுக்கொண்டு வரப் போகிறான்?'

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருந்தார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் அடக்க முடியாத கேள்வி இது. அதனால் தனியாகவே எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். நிலத்தை வைத்தோ, சாகுபடிப் பணத்தை எடுத்தோ அனுப்பாதீர்கள். கடனோடு போகிற பிள்ளை அங்கே கண்ணைத் திறந்து பார்க்க மாட்டான். செலவுக் கணக்குத்தான் பார்ப்பான். அழைக்கும் பல்கலைக்கழகத்திடம் உதவித்தொகை உண்டா என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். தன் கல்லூரி முதல்வரிடமும் கேட்கட்டும். பாதிச் செலவாவது அவர்கள் ஏற்றால், மீதியைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசலாம். அதுவும் நடக்காவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கட்டும். வயது இருக்கிறது.

இனி, 'என்ன கற்றுக்கொண்டு வருவான்' என்பதற்கு வருவோம். இதே நாட்டுக்கு, இதே துறையில், 1949-ல் ஒரு தமிழ்நாட்டு மாணவர் போனார். கும்பகோணத்தில் பிறந்தவர், கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் படித்தவர். அந்த நேரத்தில் அவர் கையில் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. ஒன்று, இந்தியக் காவல் பணிக்குத் தேர்வாகியிருந்தார். மற்றொன்று, யுனெஸ்கோ உதவித்தொகையில் நெதர்லாந்தின் வாகனிங்கன் வேளாண் பல்கலைக்கழகத்தில் மரபியல் படிப்பு. போலீஸ் அதிகாரி வேலையை விட்டுவிட்டு உருளைக்கிழங்கு படிக்கப் போகிறேன் என்று இன்றைக்கு ஒரு பையன் சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அவர் கிழங்கைத்தான் தேர்ந்தெடுத்தார். அவர்தான் எம்.எஸ்.சுவாமிநாதன்.

1943 வங்காளப் பஞ்சம்தான் அவரை வேளாண்மைப் படிப்புக்குத் திருப்பியது. மருத்துவம் படிக்க வேண்டிய டாக்டர் வீட்டுப் பிள்ளை அவர். நெதர்லாந்தில் இருந்தது ஏறக்குறைய எட்டு மாதங்கள். போர் முடிந்து நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம். அங்கே மக்களின் முக்கிய உணவு உருளைக்கிழங்கு. அந்தப் பயிரைத் தங்க நூற்புழு என்ற வேர்ப்புழு அழித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத புழு. பெண்புழு செத்த பிறகும் அதன் உடலே முட்டைக்கூடாகிவிடும். கிழங்குப் பயிர் இல்லாமலே அது மண்ணில் இருபது ஆண்டுகள்கூட உயிரோடு காத்திருக்கும். காட்டு உருளைக்கிழங்கு இனங்கள் சிலவற்றுக்கு இந்தப் புழுவைத் தாங்கும் குணம் உண்டு. அந்தக் குணத்தைச் சாகுபடி ரகத்துக்குக் கொண்டுவருவதே அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. அங்கிருந்து கேம்பிரிட்ஜ் போய் 1952-ல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பனியைத் தாங்கும் உருளைக்கிழங்குக்கான ஆராய்ச்சி. அங்கே வேலையும் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லி 1954-ல் ஊர் திரும்பினார்.

'உருளைக்கிழங்கு படித்ததால் நெல், கோதுமை விவசாயிக்கு என்ன லாபம்?' என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். அதற்குக் காலம் இரண்டு பதில் சொன்னது. அங்கே பழகிய மரபியல் கைத்திறன்தான் பிறகு டெல்லியில் கோதுமைக்கும் நெல்லுக்கும் பயன்பட்டது. இன்னொரு பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1961-ல் அதே தங்க நூற்புழு நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதோடு நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போவது தடைபட்டது. ஊட்டி முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான, நூற்புழுவைத் தாங்கும் 'குஃப்ரி சொர்ணா' ரகம் 1985-ல்தான் வந்தது. அயல்நாட்டு வயலில் ஒருவன் இன்றைக்குப் பார்க்கும் பூச்சி, பத்தாண்டு கழித்து நம் வயலில் இருக்கலாம்.

நான் அதிகம் யோசிப்பது கிழங்கைப் பற்றி அல்ல, அந்த நாட்டின் தண்ணீரைப் பற்றி. நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய கால்பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரை கட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்து வெளியேற்றி, மிஞ்சிய மண்ணில் வெள்ளாமை செய்கிறார்கள். ஒரு காலத்தில் காற்றாலை இறைத்தது, இப்போது மோட்டார் இறைக்கிறது. சுவாமிநாதனின் பூர்வீக ஊரான மான்கொம்பு, கேரளத்தின் குட்டநாட்டில் இருக்கிறது. அதுவும் கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் பகுதி. பின்னாளில் குட்டநாட்டுக்கான திட்டத்தை வகுத்தது அவருடைய ஆராய்ச்சி நிறுவனம்தான்.

இப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் கரையைக் கவனிக்காமல் விட்டால் ஊரே மூழ்கும். அதனால் 13-ம் நூற்றாண்டிலிருந்தே நீர் வாரியங்கள் அமைத்திருக்கிறார்கள். அரசாங்கம் முழுதாக உருவாவதற்கு முன்பே உருவானவை அவை. பழைய சட்டம் ஒன்று உண்டு. தன் பங்குக் கரையைப் பராமரிக்க முடியாதவர் தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி வைத்துவிட்டு நிலத்தை விட்டு வெளியேற வேண்டும். அந்த மண்வெட்டியை யார் பிடுங்குகிறாரோ, நிலமும் அவருக்கு, கரைவேலையும் அவருக்கு. கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால், தண்ணீரில் உரிமையும் வேலையும் ஒன்றாகவே வரும் என்பது எல்லோருக்கும் அதில் புரிந்துபோயிற்று.

1950 வாக்கில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்த அந்த வாரியங்கள், இன்றைக்கு ஒன்றாக்கப்பட்டு 21 ஆகியிருக்கின்றன. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். நிலம் இருப்பவருக்கு மட்டுமல்ல, பகுதியில் குடியிருக்கும் 18 வயதான எல்லோருக்கும் வாக்கு. வாரியமே வரி போட்டு, அதை வைத்தே கரையும் வாய்க்காலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் பார்க்கிறது. பணத்துக்காக அமைச்சரின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

நம் தாமிரபரணியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இதில் ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முன்பே நம் ஆட்கள் கட்டியவை. பாசனம் சுமார் 86,000 ஏக்கர். நீர்பாய்ச்சி, மடை முறை, குடிமராமத்து என்று நம்மிடமும் வாரியத்துக்குச் சமமான ஏற்பாடு இருந்தது. பொதுப்பணித்துறை வந்ததும் வேலை அரசின் கைக்குப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக அக்கறையும் கூடவே போனது.

தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000-ல் வந்தது. அதன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் உண்டு, தலைவர் உண்டு, ஆட்சி மண்டலத் தொகுதி உறுப்பினர்கள் உண்டு. ஆனால் பல ஊரில் சங்கத் தலைவர் பெயரைக் கேட்டால், "யாரோ ஒருத்தர் இருக்காரு சார்" என்கிறார்கள். ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு ஓடுகிற ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்கு ஓடினால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தூர்வார 2015-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு தேவைப்பட்டது. ஆற்று மணலுக்காக ஸ்ரீவைகுண்டத்து மண்ணின் மைந்தர் நல்லகண்ணு ஐயாவே வழக்காடித்தான் 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை வாங்கினார். நான் அரசு ஊழியன், கட்சி அரசியல் எழுத மாட்டேன். ஆனால் எந்த மடை எப்போது திறக்கும் என்பதைவிடப் பெரிய அரசியல் ஒரு விவசாயிக்கு ஏது?

அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு, வேளாண் ஏற்றுமதி மதிப்பில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. முப்பது லட்சத்துக்கும் மேல் மாடுகள், சுமார் ஒரு கோடி பன்றிகள். அத்தனை சாணமும் மூத்திரமும் அமோனியாவாகக் கிளம்பிக் காட்டிலும் குளத்திலும் படிகிறது. 2019 மே மாதம் அந்நாட்டு உயர் நீதி அமைப்பு ஒன்று, அரசின் நைட்ரஜன் கட்டுப்பாட்டு ஏற்பாடு போதாது என்று ரத்து செய்தது. மாட்டைக் குறையுங்கள் என்ற பேச்சு கிளம்பியது. அக்டோபர் 1-ம் தேதி ஆயிரக்கணக்கான டிராக்டர்கள் அரசும் நாடாளுமன்றமும் இருக்கும் ஹேக் நகரத்தை நோக்கிப் போயின, சாலை ஸ்தம்பித்தது. விவசாயிகள் பக்கம் பேசவென்று புதிதாக ஆரம்பித்த ஒரு கட்சி, 2023 மார்ச் மாகாணத் தேர்தலில் நாட்டிலேயே அதிக வாக்கு வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தலில் 150-க்கு 7 இடம்தான். கோபத்தில் விழும் ஓட்டு அப்படித்தான், எட்டு மாதத்தில் இடம் மாறிவிடும்.

இதில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், இரண்டு பக்கமும் கொஞ்சம். 'இன்னும் உற்பத்தி செய், கடன் வாங்கிக் கொட்டகை கட்டு' என்று நாற்பது ஆண்டாகச் சொன்னதும் அரசுதான், வங்கிதான். இப்போது 'நீதான் குற்றவாளி' என்றால் விவசாயிக்குக் கோபம் வராதா? ஆனால் மண்ணும் நீரும் தாங்காது என்பதும் உண்மை. சுவாமிநாதனே 1968 ஜனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டில், பசுமைப் புரட்சி கைகூடி வந்த நேரத்தில், மண்வளத்தைக் கவனிக்காமல் தீவிரச் சாகுபடி செய்தால் நிலம் பாலையாகும், பூச்சிமருந்தை வரைமுறையில்லாமல் அடித்தால் கேடு வரும் என்று எச்சரித்தார். விதையை வாங்கிக்கொண்டோம், எச்சரிக்கையை வாங்கவில்லை. அவர் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவோடு பாதியைக் கூட்டி விலை கொடுங்கள் என்று சொன்னது 2006-ல். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதில் இன்றும் சண்டை தீரவில்லை.

நைட்ரஜன் சண்டை நமக்கு எட்டாத ஊர் விஷயமல்ல. பிசானத்தில் வயலில் தண்ணீர் நிற்கும்போதே யூரியாவை வீசுகிறோம் அல்லவா? அதில் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போகிறது, இன்னொரு பகுதி வடிகால் வழியே ஆற்றுக்குப் போகிறது. காசு நம்முடையது. தண்ணீரை வடித்துவிட்டு இடுங்கள். ஐந்து பங்கு யூரியா, நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கு என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுங்கள். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பயிர் கேட்டால் மட்டும் கொடுங்கள். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறது என்பதற்காக ஒரு மூட்டை கூடுதலாகப் போட்டு, பிறகு புகையானுக்கு மருந்து தேடி ஓடுகிறவர்களைப் பருவம்தோறும் பார்க்கிறேன்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு விஷயம். 1953 பிப்ரவரியில் கடல் உள்ளே வந்து அங்கே 1,800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் பெரிய பெரிய தடுப்புகள் கட்டினார்கள். ஆனால் ஆற்று வெள்ளத்துக்கு, கரையை உயர்த்திக்கொண்டே போவது தீர்வில்லை என்று பிறகு உணர்ந்து, 'ஆற்றுக்கு இடம் கொடு' என்று ஒரு திட்டம் போட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னால் தள்ளி, தாழ்வான நிலத்தை வெள்ளத்துக்கு விட்டார்கள். ஓவர்டீப் என்ற இடத்தில் விவசாயிகளே முன்வந்து யோசனை சொன்னார்கள். சில குடும்பங்கள் வேறு ஊருக்குப் போயின. மற்றவர்கள் உயரமான மண்மேடு போட்டு, அதன்மேல் வீட்டையும் தொழுவத்தையும் கட்டிக்கொண்டார்கள். வெள்ளம் வந்தால் மேய்ச்சல் நிலம் மூழ்கும், மாடு மூழ்காது. 2023 டிசம்பர் 17, 18-ல் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழையும் கால்நடையும் போனதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஊருக்கு ஒரு மேட்டுத் தொழுவம் என்பது பெரிய செலவும் அல்ல, கிராமசபையில் கேட்க முடியாத கோரிக்கையும் அல்ல.

ஆகவே, அந்தத் தம்பி போவதென்றால் கண்ணாடிக் கூடாரத்துத் தக்காளியை மட்டும் படம் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். ஒரு நீர் வாரிய அலுவலகத்துக்குப் போகட்டும். வரி எவ்வளவு, யார் நிர்ணயிக்கிறார்கள், கட்டாதவரை என்ன செய்கிறார்கள் என்று கேட்கட்டும். ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் வீட்டில் உட்கார்ந்து அவர் கடன் எவ்வளவு என்று கேட்கட்டும். தினம் ஒரு பக்கம் தமிழில் எழுதி வைக்கட்டும். வந்ததும் இந்தப் பத்திரிகைக்கு அனுப்பட்டும்.

திரும்பும்போது விதைக்கிழங்கோ, பூங்கிழங்கோ, செடியோ, ஆசைக்கு ஒரு பிடி மண்ணோ பையில் போட்டு வரக் கூடாது. 2003-ம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவருவது குற்றம். வயலில் நடந்த செருப்பையும் பூட்ஸையும் அங்கேயே நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். நூற்புழுவின் முட்டைக்கூடு ஒட்டிய மண்ணோடுதான் பயணம் செய்கிறது.